கற்பி என்பது யாருக்குச் சொன்னது?

(மாணவர், இளைஞர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'தலைமைப் பண்பும் தனிமனித வெற்றியும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்திருக்கும். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பெரிய ஓட்டலில் மைக் பிடித்து, 'உன்னால் முடியும் தம்பி' என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களுடைய சரக்காச்சே, இதை எதுக்கு நம்ம முகாமில் கொண்டுவந்து இறக்கறாங்க என்று. மீதிப் பாதிப் பேர் வேறு மாதிரி நினைத்திருப்பீர்கள். அப்பாடா, இன்னிக்காவது வேலைவெட்டிக்கு உதவற மாதிரி ஏதோ சொல்லப் போறாங்க என்று. இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சரக்கைப் பார்ப்போம். நீ தோற்பதற்குக் காரணம் உன் மனசு, தன்னம்பிக்கை வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்பதுதான் அதன் சாரம். நம் அனுபவத்தில் வைத்து இதை உரசிப் பாருங்கள். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் தனித்தொகுதி ஆக்கப்பட்டது. யாரும் மனுப் போடக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் மிரட்டினார்கள். தேர்தல் தள்ளிப்போனது. அத்தனையையும் மீறி நின்று, 1996 டிசம்பர் கடைசியில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்தில் போய் உட்காரவே முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பும்போது, பேருந்திலேயே வைத்து அவரையும் கூட வந்த ஐந்து பேரையும் வெட்டிச் சாய்த்தார்கள். முருகேசனுக்குத் தன்னம்பிக்கை குறைச்சலா? நம் காலத்தில் அவரைவிடத் தன்னம்பிக்கை உள்ள தலைவன் ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். ஆகவே மனசு சரியானால் எல்லாம் சரியாகும் என்று நம்மிடம் சொல்கிறவன், சாதி என்ற ஒன்று இல்லாத ஊரில் இருந்து வந்தவனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை மறைக்க வந்தவனாக இருக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கைதட்டு வாங்கிக்கொண்டு நான் போய்விடலாம். ஆனால் பிரச்சனை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'தனிமனித முன்னேற்றம் முதலாளித்துவச் சரக்கு' என்று ஒதுக்கிவிட்டு, தலைமைக்கு வேண்டிய திறமைகளையும் சேர்த்தே குப்பையில் போட்டுவிட்டோம். ஒரு கூட்டத்தை நடத்துவது, கணக்கு எழுதுவது, மனு எழுதுவது, பதிவேடு படிப்பது, நாலு பேர் எதிர்த்துப் பேசினால் பொறுமையாகக் கேட்பது எல்லாமே திறமைகள்தான். இவற்றை யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. ஊர்த்தெருவில் இருப்பவன் இவற்றைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறான். கர்ணம் வீடு, மணியக்காரர் வீடு என்று தலைமுறை தலைமுறையாக நிலக்கணக்கும் ஊர்க்கணக்கும் அவன் கையில் இருந்தன. நம் பாட்டன் அந்தத் திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்றான். அதனால்தான் நமக்குப் பயிற்சி வேண்டும்.

மகத் போராட்டம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? அண்ணல் அம்பேத்கர் குனிந்து குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளும் படம். 1927 மார்ச் 20. அந்தப் படத்துக்கு முன்னால் நடந்தவை சுவரொட்டியில் வராது. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுக் குளம், கிணறு, பள்ளி, சத்திரம் எல்லாவற்றையும் தீண்டப்படாதவர்கள் பயன்படுத்தலாம் என்றது அது. 1924இல் மகத் நகராட்சி அதை ஏற்றுக்கொண்டு, தன் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தில் இறங்க ஆள் இல்லை. அந்தக் காகிதத்தைத் தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் மூன்று வருடம் கழித்து ஆயிரக்கணக்கான பேரை அதே குளத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்கத் தண்ணீரை 40 ரூபாய் கொடுத்து வாங்கி வைக்க வேண்டியிருந்த ஊர் அது.

அந்த மாநாட்டைக் கூட்டியவர் யார்? ஆர்.பி. மோரே என்ற ராமச்சந்திர பாபாஜி மோரே. அந்தப் பகுதி இளைஞர். அப்போது அவருக்கு வயது 24. ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டி, அம்பேத்கரை வரவழைத்து, கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர்களில் முதன்மையானவர் அவர். பிறகு கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார். சாதிப் பிரச்சனையைக் கட்சிக்குள்ளும் பேசிக்கொண்டிருந்தார். நம் சுவரொட்டிகளில் அவர் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு இன்று அவர் வயதுதான். 'நான் எப்போது அம்பேத்கர் ஆவது' என்று ஏங்க வேண்டாம். இன்றைக்கே மோரே ஆகலாம். மோரேக்கள் இல்லாத ஊரில் அம்பேத்கரே வந்தாலும் பேசிவிட்டுப் போகத்தான் முடியும்.

போராட்டம் அந்த ஒரு நாளோடு முடியவில்லை. அடி விழுந்தது. டிசம்பரில் மறுபடி போனபோது, குளம் தனியார் சொத்து என்று வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கி வைத்திருந்தார்கள். அந்த டிசம்பர் 25 அன்றுதான் மனுஸ்மிருதி எரிந்தது. குளம் வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய் 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது. பத்து வருஷம்! சாட்சி தேட வேண்டும், ஆவணம் சேர்க்க வேண்டும், தேதி தவறாமல் ஆஜராக வேண்டும். ஒரு நாள் நடப்பதற்கு வீரம் போதும். பத்து வருஷம் வழக்கு நடத்த வேறு சிலதும் வேண்டும்.

அடுத்த விஷயம். படிப்பா, இயக்கமா? முகாமுக்கு முகாம் இந்தக் கேள்வி வருகிறது. இதை வெளிப்படையாகப் பேசுவோம். நம் இளைஞன் கல்லூரியில் சேருகிறான், இயக்கத்துக்கு வருகிறான். சுவரொட்டி ஒட்டுகிறான், கொடி கட்டுகிறான், மறியலில் முன்னால் நிற்கிறான். அவன்மேல் வழக்கு விழுகிறது. வாய்தாவுக்கு அலைந்து பரீட்சையைத் தவற விடுகிறான். பிறகு அரசு வேலைக்குத் தேர்வு எழுதினால் காவல்துறைச் சரிபார்ப்பில் அந்த வழக்கு குறுக்கே நிற்கிறது. அவனுடைய அம்மா கூலி வேலை செய்து அனுப்பிய பணம் என்ன ஆயிற்று? அவனை மறியலுக்குக் கூப்பிட்டவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது? இந்தக் கேள்விகளை எதிரி கேட்டால் கோபப்படுகிறோம். நாமே கேட்டுக்கொள்ளவில்லை என்றால் எதிரி கேட்கத்தான் செய்வான். இளைஞனை வழக்கு வாங்க அனுப்புகிற அமைப்பு, அந்த வழக்குக்கு வக்கீல் வைக்கவும் அவன் பரீட்சைக்குப் பணம் கட்டவும் கடமைப்பட்டது.

அண்ணலின் வாழ்க்கையில் இதற்குப் பதில் இருக்கிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார். பிறகு லண்டன். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்ப வேண்டி வந்தது. பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க இடமில்லை. சாதியைத் தெரிந்துகொண்டு விடுதியிலிருந்து விரட்டினார்கள். கொலம்பியாவில் படித்தவர்! தனிமனித வெற்றி சாதியை அழித்துவிடும் என்பவர்களுக்கு இந்த ஒன்று போதும். அவர் என்ன செய்தார்? 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதே வருடம் விட்ட படிப்பை முடிக்க மறுபடி லண்டன் போனார். இதழுக்காகப் படிப்பை விடவில்லை, படிப்புக்காக மக்களையும் விடவில்லை. பாரிஸ்டர் தகுதி பெற்று 1923இல் திரும்பினார். அதே வருடம் டி.எஸ்சி. பட்டமும் கிடைத்தது.

அவர் இல்லாதபோது இதழ் என்ன ஆயிற்று? தள்ளாடி, நின்று போனது. ஒரே ஆளின் தோளில் ஏற்றிய பாரம், அவர் நகர்ந்தால் விழத்தான் செய்யும். திரும்பி வந்ததும் 1924இல் 'பகிஷ்கரித் ஹிதகாரிணி சபா'வைத் தொடங்கினார். சபை என்றால் செயற்குழு, பொறுப்பாளர், கணக்கு, நூலகம், மாணவர் விடுதி. சோலாப்பூரில் விடுதி தொடங்கினார்கள். கூட்டாக நடத்தக்கூடிய அமைப்பைக் கட்டிய பிறகுதான் மகத் வருகிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம் எல்லாச் சுவர்களிலும் எழுதியிருக்கிற முழக்கம்: கற்பி, ஒன்று சேர், போராடு. 1942 ஜூலையில் நாகபுரி மாநாட்டில் அண்ணல் இறுதி அறிவுரை என்று சொல்லிக் கொடுத்தது. இரண்டாவது சொல் எது, மூன்றாவது எது என்று சிலர் சண்டை போடுகிறார்கள். போடட்டும். முதல் சொல்லில் சண்டையே இல்லை. ஆனால் அதைத்தான் நாம் சரியாகப் படிக்கவில்லை. 'கல்' என்று அவர் சொல்லவில்லை, 'படி' என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அவர் சொன்னதும் 'எஜுகேட்' என்றுதான். கற்பி. அடுத்தவருக்குச் சொல்லிக் கொடு. 'அண்ணல் படிக்கச் சொன்னார், நான் படிச்சேன், வேலைக்குப் போனேன், என் கடமை முடிஞ்சது' என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு சொல்லைக்கூட முழுசாகப் படிக்கவில்லை. படித்து முடித்தவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் கலங்கிப் பேசியதாகச் சொல்வார்கள். அந்தப் படித்தவர்கள் எப்படிப் படித்தார்கள்? 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், நம் மக்களின் குறைகளைத் தொகுத்து மனுவாகக் கொடுத்தார். மேற்படிப்புக்கு உதவித்தொகை அதில் ஒரு கோரிக்கை. 1944இல் அந்த உதவித்தொகை தொடங்கியது. அவர் பதவிக்குப் போனது தனிமனித வெற்றிதான். அந்த வெற்றியை அவர் ஒரு உத்தரவாக மாற்றினார். அதில் பல தலைமுறை படித்தது. நான் வெற்றியை அளக்கிற படி இதுதான். நீ போன இடத்தில் இருந்து பின்னால் வருகிறவனுக்கு என்ன திறந்துவிட்டாய்?

வேலைக்குப் போவது துரோகம் என்று நான் சொல்லவில்லை. சேரியில் ஒரு வீட்டில் ஒருத்தர் சம்பளக்காரர் ஆனால், அந்த வீடு பண்ணையாரிடம் கடன் கேட்டு நிற்பது நிற்கும். அதுவே ஒரு விடுதலை. கன்ஷிராம் புனேயில் அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். வேலையில் இருக்கிற நம்மவர்களின் பணமும் நேரமும் அறிவும் சமூகத்துக்குத் திரும்ப வர வேண்டும் என்று 1978 டிசம்பர் 6 அன்று 'பாம்செஃப்' ஊழியர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1984இல் கட்சி தொடங்கும்போது அவருக்குப் பின்னால் இந்த ஊழியர் பலம் இருந்தது. பெரும் முதலாளி யாரும் நன்கொடை கொடுக்கவில்லை. மாதச் சம்பளக்காரர்கள் கொடுத்தார்கள். அந்தக் கட்சியின் பிற்கால அரசியல் பற்றி நமக்கு விமர்சனம் இருக்கலாம். இந்தப் பாடத்தை மறுக்க முடியாது.

தமிழ்நாட்டிலும் நமக்கு இந்த மரபு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழைத் தாங்கிப் பிடித்தவர்களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் உண்டு. சுரங்கத்தில் இறங்கியவன் கூலியில் ஒரு பத்திரிகை நடந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பாக வைத்தார். அதே வருடம் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, 3,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். ஆதிக்க சாதியாரே அதிகாரிகளாக வந்து குவிவார்கள் என்பது அவர் வாதம். 1893இல் மூவாயிரம் கையெழுத்து என்றால் எத்தனை வீட்டு வாசலில் நின்று பேசியிருக்க வேண்டும்? மனு எழுதத் தெரிந்தவர் ஒருவர். அதை விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் மூவாயிரம் பேர். கற்பித்தல் என்பது இதுதான்.

சரி, எதைக் கற்பிப்பது? நேரடியாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, தீர்மான நோட்டு. தனி ஊராட்சிகளில் நம் தலைவர்களிடம் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு வேண்டியதை எழுதிக்கொள்வது நடந்திருக்கிறது. எழுதி முடிக்காத பக்கத்தில் கையெழுத்துப் போடாதே என்பது முதல் பாடம். இந்தப் பழக்கம் ஊராட்சியில் திடீரென்று வராது. நம் கிளைக் கூட்டத்திலேயே வர வேண்டும். யார் பேசினார், என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். நாலு வரி போதும்.

இரண்டு, கணக்கு. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தார்கள். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். தலைவர் நம் ஆளாக இருந்தாலும் பெரும்பான்மை அவர்களுடையது என்றால் துணைத் தலைவர் அவர்கள் ஆள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் குழாய் பழுது பார்க்கக்கூடப் பணம் எடுக்க முடியாது. பிறகு 'இவங்களுக்கு நிர்வாகம் தெரியல' என்று பேச்சு வரும். இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன், தேர்தலுக்கு முன்பே வார்டுக்கும் சேர்த்து ஆள் நிறுத்துவான். மறுப்பை எழுத்தில் வாங்கி மேலே அனுப்புவான். தெரியாதவன் ஐந்து வருஷம் அவமானப்பட்டு வீட்டுக்குப் போவான். நம் அமைப்பிலும் வசூல் கணக்கை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். கணக்குக் கேட்டவனைத் துரோகி என்று சொல்கிற இடத்தில் தலைமை வளராது.

மூன்று, பதிவேடு படித்தல். 1892இல் வெள்ளைக்கார அரசு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது. பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாற வேண்டும். அந்த நிலத்தைக் கேட்டு 1994இல் காரணையில் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். நம் ஊரில் பஞ்சமி நிலம் எது, எந்தச் சர்வே எண், இப்போது யார் பெயரில் இருக்கிறது? முழக்கம் போடுகிற நமக்குள் எத்தனை பேருக்கு 'அ' பதிவேடு பார்க்கத் தெரியும்? தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. ஒரு விடுதி அறையில் இருக்கும் நாலு மாணவர்கள் ஒரு வட்டத்தையே தேடி எடுத்துவிடலாம்.

நான்கு, காவல் நிலையம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்த வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வரியையும் தைரியமாகச் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் ஊரில் இருந்தாலே, ஸ்டேஷனில் 'போயிட்டு நாளைக்கு வா' என்பது பாதி குறையும். புகாரை எழுதிக் கொடுக்கிற ஆள் நீயாக இரு. அடுத்த முறை இன்னொருவரை எழுதவிட்டு நீ பக்கத்தில் நில்.

ஐந்து, கூட்டம் நடத்துதல். இதில் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942இல் நாகபுரியில் பெண்கள் தனி மாநாடு நடத்தினார்கள். சுலோச்சனாபாய் டோங்ரே தலைமை வகித்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் வந்தார்கள். நம் கூட்டங்களில் இன்றும் பெண் தோழர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், மேடையில் நாம் இருக்கிறோம். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். அதே வருடம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரான தலித் பெண்ணைச் சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்தபின் சில நாளில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். சாதிக்காரன் தரையில் உட்கார வைக்கிறான், சரி. தலைவர் மனைவியாக இருக்க, கூட்டத்தில் கணவன் வந்து உட்கார்ந்துகொண்டால் அது மட்டும் என்ன? நாற்காலியைப் பறிப்பதில் இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, முருகேசனைப் பற்றிச் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நோட்டும் கணக்கும் அரிவாளைத் தடுக்குமா என்று கேட்பீர்கள். தடுக்காது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்தார்கள். 2006இல்தான் நடந்தது. ஒரு தலைவனை வெட்டினால் ஊர் அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்க ஒரு வழிதான் இருக்கிறது. ஒருவருக்குத் தெரிந்தது பத்துப் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் விழுந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவர் போய் உட்கார வேண்டும். தனக்குப் பின்னால் யாரையும் தயார் செய்யாத தலைவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் எதிரியின் வேலையைச் சுலபமாக்குகிறான்.

ஊருக்குத் திரும்பியதும் மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் கிளையில் தீர்மான நோட்டு இல்லையென்றால் பத்து ரூபாய்க்கு ஒன்று வாங்குங்கள். அதை ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி எழுதுங்கள், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். படிக்கிறவர்கள் அரியர் இல்லாமல் படியுங்கள். வாரத்தில் ஒரு மாலை, விடுதியிலோ சேரியிலோ இரண்டு பேரை உட்கார வைத்து உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். வேலைக்குப் போய் நகரத்தில் இருக்கிற நம் ஆட்களின் பட்டியலை எடுத்து, நேரில் போய்ப் பாருங்கள். திட்டாதீர்கள். என்ன தெரியும், மாதம் எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முகாமில் என்னைப் பேசக் கூப்பிட வேண்டாம். உங்களில் ஒருவர் பேசுங்கள், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

ஜெய்பீம்.